பதினேழு படத்திலும் மூடிய கண்

மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, தோளில் விளக்கும் கேமரா ஸ்டாண்டும் வேறு. ஸ்டூடியோக்காரி மூச்சு வாங்க ஏறினாள். நடமாட முடியாத பெரியவர்களை வீட்டுக்கே போய் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஒரே முகத்துக்காக அவள் இந்தப் படிகளில் ஏறுவது மூன்றாம் முறை. முதல் படத்தில் கண் மூடியிருக்கிறது என்று அலுவலகம் திருப்பிவிட்டது. இரண்டாவதில் அரைக்கண்.

ஜன்னலோரம் நாற்காலியில் பெரியவர் தயாராக உட்கார்ந்திருந்தார். வயது எண்பத்தாறு, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் பக்கத்து அறையில் துணி தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, கண்ண நல்லா தொறந்து வைங்க."

தலையாட்டினார். அவள் கேமராவுக்குப் பின்னால் குனிந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று கத்தினாள். பளிச்சென்றது. கண் மூடியிருந்தது. இப்படியே பதினேழு படம். அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. கேமராவைக் கீழே வைத்து, "வேணும்னே பண்றாரு" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள்.

"வேணும்னு பண்ணலம்மா" என்றார் பெரியவர்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகள் எட்டிப்பார்த்தாள். "அப்பாவுக்குக் காது போயி ஆறு வருஷம் ஆகுதுக்கா. வாயப் பாத்துதான் புரிஞ்சுக்குவாரு. தலையாட்டுறாரேன்னு நீங்களும் கவனிக்கல போல."

"அந்தப் பெட்டிக்குப் பின்னால போனா உன் வாய் மறைஞ்சுடுது" என்றார் அவர். "எப்ப அமுக்குவேன்னு தெரியாம, எதிர்பாத்து எதிர்பாத்து கண்ணு தானா மூடிக்குது. முப்பத்தெட்டு வருஷம் நான் மூச்சப் பிடிங்கன்னு சொல்லாம ஒருத்தரையும் எடுத்ததில்ல. காது கேக்காதவங்களுக்குத் தோளத் தொட்டுக் காட்டுவேன்."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இருபத்திரண்டு வருட அனுபவம் என்று ஸ்டூடியோ வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள். அதில் எத்தனை கிழவர்களை அடம் என்றும், எத்தனை கிழவிகளை மந்தம் என்றும் நினைத்திருப்பாள்! அவளுடைய சொந்த அப்பாவையே படத்துக்குப் படம் திட்டியிருக்கிறாள். அவருக்கும் காது கேட்காமல் இருந்ததோ என்னவோ, கேட்டுப் பார்க்க இப்போது அவர் இல்லை.

கேமராவை ஸ்டாண்டில் மாட்டினாள். பக்கத்தில் நின்று, அவர் பார்க்கும்படி விரல்விட்டு எண்ணினாள். முதல் படத்திலேயே இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன. பெரியவர் சிரித்தும் இருந்தார்.

இரண்டு நாள் கழித்து அதுவும் திரும்பி வந்தது. அவள் நேரே அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

"பல் தெரியக் கூடாதும்மா" என்றார் எழுத்தர்.

"அவருக்குப் பல்லே இல்ல சார்!"

"அப்ப வாய் தொறந்திருக்குன்னு போட்டுக்குங்க."

நான்காம் முறை ஏறினாள். "மூஞ்சிய மாத்திக்கிட்டு வரச் சொல்றானா அவன்?" என்று பெரியவர் சீறினார். அந்தக் கடுகடுப்போடு எடுத்த படம் ஒரே நாளில் தேறிவிட்டது. அட்டையில் ஊரோடு சண்டை போட்டவர் மாதிரி யாரோ இருந்தார். ஸ்டூடியோக்காரிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் கேமராப் பெட்டியைத் திறக்குமுன் எதிரே உட்கார்ந்து, "நான் பேசுறது கேக்குதா? என் வாய் தெரியுதா?" என்று கேட்கிறாள். பாதிப் பேருக்குக் கோபம் வருகிறது. நேற்று ஒரு அம்மாள், "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, நீ ஏன் இப்படிக் கத்துற?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்தித் திருப்பவே அரை மணி நேரம் ஆயிற்று.