கெசையா சொன்ன இடத்தில் உட்கார வேண்டும்

உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டே படகோட்டி கெசையா டாம்லின் ஆட்களை எடைபோடுகிறார். "நீ நடுவுல. நீ அந்தாண்ட. மாஜிஸ்திரேட்டு ஐயா, வயித்தையும் கூட்டிக்கிட்டு எடப்பக்கம் நகருங்க." ரான்கோகஸ் ஆற்றின் இந்தத் துறையில் அவருடையதை விட்டால் வேறு படகு கிடையாது, அதனால் முணுமுணுத்துக்கொண்டே நகர்வார்கள். "படகுக்கு எடதான் தெரியும், பதவி தெரியாது" என்பது அவருடைய வேதவாக்கு.

அறுபதை நெருங்கும் விதவை. மேலங்கிப் பையில் எப்போதும் ஆப்பிள் வற்றல் இருக்கும். யார் கேட்டாலும் தரமாட்டார். கணவர் இங்கிலாந்து அரசரின் சிறைக் கப்பலில் காய்ச்சல் கண்டு செத்தார். அரசரை எதிர்த்த அந்தப் போரில் எங்கள் சிப்பாய்களை அக்கரை சேர்த்தது கெசையாதான். 1776இல் அரசரை உதறிவிட்டு நியூ ஜெர்சி தனக்கென்று ஓர் அரசு அமைத்தபோது, ஐம்பது பவுண்டு சொத்துள்ள குடிகள் எல்லோருக்கும் ஓட்டு என்று எழுதினார்கள். ஆண் என்று எழுதவில்லை. கணவருக்குப் பின் படகும் துறையும் கெசையாவின் பெயரில் இருந்தன, அதனால் அவருக்கும் ஓட்டு.

தேர்தல் நாளில் சேற்றுக் காலணியோடு சாவடிக்குள் போவார். சீட்டைப் போட்டுவிட்டு, பெட்டியை மூடும்வரை நகரமாட்டார். "ஆள உக்கார வெக்கிறதுதானே என் தொழிலு" என்பார்.

பீப்பாய் செய்யும் ஈனோக் ஹைன்ஸ் மனைவியை இழந்தவர். குளிர்காலம் வந்தால் கெசையாவின் படகுக்குத் தார் பூசிக் கொடுப்பார். பூசி முடித்ததும் கல்யாணப் பேச்சை எடுப்பார். கெசையாவுக்கும் அவரைப் பிடிக்கும். ஆப்பிள் வற்றல் அவருக்கு மட்டும் கிடைத்துவந்தது. ஆனால் மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து இல்லை; சொத்து இல்லாவிட்டால் ஓட்டும் இல்லை. "ஒன்னக் கட்டிக்கிட்டா படகு ஒன் பேருக்குப் போயிரும். ஓட்டும் கூடவே போயிரும். நீ நல்ல மனுசன்தான், தள்ளியே இரு" என்று வருடா வருடம் அதே பதில்.

போன நவம்பரில், 1807இல், சட்டசபை பெண்களின் ஓட்டையும் கறுப்பர்களின் ஓட்டையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டது. காரணம் கேட்டால், வடக்கே எங்கோ ஆண்கள் பாவாடை கட்டிக்கொண்டு வந்து இரண்டாம் தடவை ஓட்டுப் போட்டார்களாம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இங்கே தின்றது அவர்கள், குடித்தது பெண்கள். அந்தக் குளிர்காலத்தில் தார் பூசிய கையோடு ஈனோக் சொன்னார்: "இனிமே ஒனக்குப் போறதுக்கு என்ன இருக்கு கெசையா? சேந்துரலாமே." நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவருக்கு வற்றல் அன்றோடு நின்றது.

இந்த அக்டோபரில் தேர்தலன்று படகு நிறைய ஆண்கள். ஈனோக், மாஜிஸ்திரேட்டு, நான் எல்லோரும் ஓட்டுப் போடப் போய்க்கொண்டிருந்தோம். நடு ஆற்றில் கெசையா துடுப்புகளை உள்ளே இழுத்து வைத்தார். எழுந்து வந்து, ஈனோக்கைத் துடுப்புப் போடும் தன் பலகைக்குப் போகச் சொன்னார். அவர் சொன்னால் மாறி உட்கார்ந்தே பழகிய ஈனோக் எழுந்து போனார். அந்தக் காலி இடத்தில் கெசையா உட்கார்ந்துகொண்டார். படகு நீரோட்டத்தில் மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"கெசையா, எனக்குத் துடுப்புப் போடத் தெரியாதே."

"ஆம்பளதானே நீ? சட்டத்துக்கு அது போதுமாமே."

ஈனோக் துடுப்புகளைத் தண்ணீரில் இறக்கியதும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. கெசையா ஓர் ஆப்பிள் வற்றலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, இடப்பக்கம் நகரும்படி விரலை அசைத்தார்.