திருகாணி இல்லாத பதினோரு நிமிடம்

சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்துவார். "வந்துச்சா?" என்று குரல் கொடுப்பார். அந்தப் பக்கத்திலிருந்து "வந்துச்சு" என்று பதில் வரும். மறுபடி அழுத்துவார், மறுபடி கேட்பார். நாற்பது தடவை. முப்பத்தொன்பதோடு போதும் என்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எங்கள் உளவியல் துறைக்குப் பொழுது விடிவதே இந்தச் சத்தத்தில்தான்.

ஆய்வகக் கருவிகளைக் கட்டி மேய்க்கும் டெக்னீஷியன் அவர். பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது என் வேலை. முதுகுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் அவரை 'வந்துச்சா அண்ணன்' என்போம். அவருக்கும் தெரியும், கண்டுகொள்ளமாட்டார்.

விஷயம் இதுதான். ஒரு குழந்தைக்கு அம்மாவின் குரலையும் வேற்றாள் குரலையும் மாற்றி மாற்றிக் கேட்கவைக்கிறார்கள். ஒவ்வொரு குரலும் ஒலிக்கும் அதே கணத்தில் கணினி ஒரு வயர் வழியாக மூளை அலைக் கருவிக்கு ஒரு குறி அனுப்ப வேண்டும். குறி விழவில்லையா, கருவி பாட்டுக்குக் கோடு கோடாக வரைந்து தள்ளும். எந்தக் கோடு எந்தக் குரலுக்கு என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். 'அனுப்பியாயிற்று' என்று திரையில் எழுத்து வரும்தான். அண்ணன் அதை மதிக்கவே மாட்டார். "அனுப்பிட்டேன்னு யார் வேணா சொல்லலாம்மா. போய்ச் சேர்ந்துச்சான்னு பாரு."

வீட்டிலும் இதே கூத்து. புது அழைப்பு மணி மாட்டிய அன்று இவர் வெளியே நின்று அழுத்த, உள்ளேயிருந்து மனைவி இருபது முறை பதில் சொல்லியிருக்கிறார். இருபத்தோராவது முறை சத்தமே இல்லை. மனிதர் மணியைக் கழற்றி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டார். "வேணும்னேதான் சும்மா இருந்தேன்" என்று அந்த அக்கா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

யாரையும் நம்பாத இந்தக் குணம்தான் போன வாரம் அவர் காலையே வாரிவிட்டது. பக்கத்துத் துறைக்காரர்கள் வயரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். திருகாணி இல்லாத வயரை யார் தொடப்போகிறார் என்று தினமும் சாயங்காலம், அதை நழுவாமல் பிடிக்கும் இரண்டு திருகாணிகளையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். அன்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார், திருகாணி மட்டும் வரவில்லை. வயரை அப்படியே அழுத்திச் செருகி நாற்பது முறை கேட்டார். நாற்பதும் வந்தது.

அன்றைக்கு வந்ததுதான் ஆராய்ச்சிக்கு வரவேண்டிய கடைசிக் குழந்தை. அதற்கு எட்டு மாதம் முடிய இரண்டு நாள்தான் பாக்கி. அந்த வயதைத் தாண்டினால் கணக்கில் சேராது, ஆராய்ச்சி செய்கிற பெண்ணின் ஒரு வருட உழைப்பு அந்தரத்தில் நிற்கும். நான்கு தடவை அந்தத் தாயைக் கெஞ்சி நேரம் வாங்கியவள் நான்.

தலையில் மூளை அலை பிடிக்கும் வலைத்தொப்பியோடு அம்மா மடியில் சமர்த்தாக உட்கார்ந்த குழந்தை, உற்சாகத்தில் மேசையை ஓர் உதை விட்டது. அடுத்த அறையிலிருந்து அந்தப் பெண் வெளிறிய முகத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, வரலை."

மனிதர் மேசைக்கு அடியில் பாய்ந்தார். நழுவிய வயரைச் செருகினார், கையை எடுத்தால் மறுபடி நழுவியது. டேப் தேடிப் போக நேரமில்லை, குழந்தை கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டது.

"திருகாணி வீட்ல இருக்கு. என் தப்புதான்" என்றார் கீழேயிருந்து. "நான் பிடிச்சுக்கறேன். முதல்லேர்ந்து ஓட்டு."

தலை தெரிந்தால் குழந்தை எதிரே படம் ஓடும் திரையை விட்டுவிட்டு அவரைப் பார்க்கும். வாய் திறந்தால் பதிவு கெட்டுப்போகும். பதினோரு நிமிடம் அந்தப் பெரிய உடம்பை மடித்துக்கொண்டு, இரண்டு விரலால் வயரை அழுத்திப் பிடித்தபடி, ஒரே ஒரு முறைகூட "வந்துச்சா?" என்று கேட்க முடியாமல் கிடந்தார். கதவுக் கண்ணாடி வழியே பார்த்த எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவமாக இருந்தது ஒரு பக்கம். அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

முடிந்ததும் அந்தப் பெண் ஓடி வந்தாள். அவர் கேட்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "எல்லாம் வந்துச்சு, அண்ணா."

முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தவர், நேரே அடுத்த அறைக்குப் போய், திரையில் விழுந்திருந்த குறிகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். இடது கையால்தான் எண்ணினார். வலது கையின் இரண்டு விரல்களும் இன்னும் அந்த வயரைப் பிடித்திருப்பது போலவே மடங்கி நின்றன.