மழை வராத மணல்மேடு

பலகையில் நின்று மணல்மேட்டிலிருந்து சறுக்கி இறங்கும் வீடியோவை என் மனைவிதான் காட்டினாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காடா, ராஜஸ்தானா? பறித்த காப்பி களத்தில் காய்ந்துகொண்டிருக்க, போனும் கையுமாக அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"மேடு எவ்வளவு உயரமுங்க?" என்று அவள் கேட்டாள்.

நான் தேடியது உயரத்தை அல்ல, மழை வராத ஊரை. இரண்டு தூறல் விழுந்தாலே காப்பியை மூட ஓடுகிற பிழைப்பு எங்களுடையது. நாலு நாளாவது வானத்தை அண்ணாந்து பார்க்காமல் இருக்கவேண்டும்.

"ராஜஸ்தானுக்கே போலாம்" என்றேன்.

அன்று மாலையே செம்மநத்தம் ஊர்ப் பக்கம் வானம் கருத்தது. ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூடினோம். ஒரு சொட்டுகூட விழவில்லை. எரிச்சலாக வந்தது.

காப்பியெல்லாம் காய்ந்து, மூட்டை கட்டி, விற்றும் ஆயிற்று. கிளம்புகிற அன்று காலையில் அவள் என் பையைச் சரிபார்த்தாள். துணிகளுக்கு அடியில் தார்ப்பாய் மடித்து வைத்திருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை.

"ஏனுங்க, அங்க போயி எதைங்க மூடப் போறீங்க?"

நான் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தேன்.