ராமுத்தாய் அக்கா கலர் போடாத பக்கங்கள்

ராமுத்தாய் அக்கா இல்லை.

காலையில் பெரியகுளத்தில் இருந்து மணி அண்ணன் போன். "அக்கா போயிட்டாக புள்ள..." நெஞ்சுவலியாம். பழனிசெட்டிபட்டி வீட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

இதைப் படிக்கிற பலருக்கு அக்காவைத் தெரியாது. ஆனால் உங்கள் பிள்ளைகள் படிக்கிற காமிக்ஸில் அந்த வானம், குதிரை, ராணியின் பட்டுச்சேலை... அதெல்லாம் அக்கா போட்ட கலர்.

நானும் அதே வேலைதான், தேவாரத்தில் வீட்டிலிருந்தே. கம்பெனி வெளியூரில். வரைந்த பக்கங்கள் மெயிலில் வரும், கலர் போட்டு அனுப்புவோம். வேறு யார் யார் செய்கிறார்கள் என்று எங்களுக்குள் தெரியாது. புத்தகத்தில் எங்கள் பெயரும் இருக்காது.

ஒருமுறை மேனேஜரிடம், "என் பேரப் போடுங்க சார்" என்று கேட்டேன். அன்று சாயங்காலமே, இனி உங்களுக்கு வேலை இல்லை என்று மெசேஜ். பாதி முடித்திருந்த கதையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த இன்னொருவர்தான் அக்கா.

ஃபைலில் இருந்த என் பெயரை வைத்து ஃபேஸ்புக்கில் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். அதுவரை கேட்டிராத குரல்.

"ஏ புள்ள தேவி... உன் பக்கமெல்லாம் எனக்கு வந்திருக்கு. என்ன நடந்துச்சு?"

சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அழுவாத. நான் இதத் தொடப் போறதில்ல. நான் தொடலேன்னா அடுத்த ஆளுக்குத்தான போகும்? அவுக யாருன்னு பாப்போம்."

பார்த்தார். காமிக்ஸ் வாசகர் குரூப் ஒவ்வொன்றிலும் விசாரித்து ஆட்களைப் பிடித்தார். பெரியகுளத்தில் மணி அண்ணன், கம்பத்தில் இரண்டு பேர், அப்புறம் மதுரை, கோவை...

மணி அண்ணன்தான் பயந்தார். "குடும்பம் இருக்குக்கா. எல்லாரையும் தூக்கிட்டா?"

"எல்லாரையும் தூக்கிட்டு மேனேஜரே உக்காந்து கலர் போடுவாரா தம்பி?"

அந்தப் பக்கங்கள் யாரிடம் போனாலும் ஒரே பதில்தான் போனது. தேவியிடமே கொடுங்கள்.

கடைசியில் மேனேஜரே அக்காவைக் கூப்பிட்டார். சங்கம் பற்றிப் பேச நாங்கள் எல்லோரும் அன்று அக்கா வீட்டில்தான் இருந்தோம். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"நீங்கல்லாம் ஃப்ரீலான்சர்ஸ் மேடம். சங்கமெல்லாம் ஃபேக்டரி ஆளுங்களுக்குத்தான்."

"அப்படியா சார்? நாங்க ஆரம்பிச்சுட்டமே!"

எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதே வாரம் என் பக்கங்கள் என் மெயிலுக்கே திரும்பி வந்தன. அடுத்த இதழில் எல்லோர் பெயரும் வந்தது. அக்கா பெயரை மட்டும் 'ராமதாய்' என்று அச்சடித்துவிட்டார்கள். எனக்குக் கோபமான கோபம்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "ராமனுக்கே ஆத்தாவாக்கிப்புட்டாக! விடு, அடுத்த புக்குல சரியா வரும்." வந்தது.

சங்கத்துக்கு ஆள் சேர்ப்பார், மேனேஜரை மடக்குவார்... வேலையில் மட்டும் எங்களையும் விடமாட்டார். நான் போட்ட ஒரு அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, தேவாரத்துல தெனம் மலைக்குப் பின்னாடி சூரியன் எறங்குறதப் பாக்குறவதான நீ? இது என்ன, தக்காளிச் சட்னியா?" என்று போனில் கத்தினார். திரும்பப் போட்டேன். அதற்கு ஒரு பாராட்டும் கிடையாது. "ம்... இப்ப இருக்கு."

இன்று எங்களில் யாரும் வேலை பார்க்கவில்லை. மணி அண்ணன் மேனேஜருக்குப் போன் பண்ணினார். "லீவு கேக்கல சார். தகவல் சொல்றேன்."

மதியத்துக்கு மேல் எடுக்கிறார்கள். பஸ் போடி தாண்டிவிட்டது.

வர்றேன் அக்கா.