டப்ளின் மனுக்களும் ஒரு விசாக் கடிதமும்

முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் இருந்த குளிர்காலத்தில்தான் நான் அயர்லாந்து மனுக்களை வாசிக்கத் தொடங்கினேன். ரானுயி என்ற புறநகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், காலை இன்னொரு கதிரையில் நீட்டி வைத்துக்கொண்டு, மடிக்கணினியைத் திறந்தபடி இருப்பேன். அயர்லாந்தில் உள்ள ஓர் ஆவணக் காப்பகம், இருநூறு ஆண்டுகளுக்கு முன் சாதாரண சனங்கள் அரசாங்கத்துக்கு எழுதிய மனுக்களைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தது. கையெழுத்தை வாசித்துத் தட்டச்சு செய்து தர ஆட்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது. எங்கிருந்தும் செய்யலாம்.

என் பிழைப்பும் கடிதம்தான். எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில், வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதும் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். என் மனைவி திருச்சிக்காரி. நான் யாழ்ப்பாணம். இருவரும் சந்தித்தது, குடியேறி வந்த இந்த வெளிநாட்டு நகரத்தில்தான்.

"ஆபீஸ்லதான் நாள் பூரா மத்தவங்க குறையைப் படிக்கிறீங்க. லீவுலயும் அதேதானா?" என்றாள்.

"ஓம். ஆனா இதுக்கு நான் பதில் எழுதத் தேவையில்லை" என்றேன்.

அந்த மனுக்கள் எல்லாம் டப்ளின் கோட்டையில் அரசரின் பிரதிநிதியாக இருந்த பிரபுவுக்கு எழுதப்பட்டவை. மனு கொடுப்பவருக்குப் பெரும்பாலும் எழுதத் தெரியாது. ஊர் வாத்தியாரோ தேவாலயக் குருவோ எழுதிக் கொடுப்பார். கீழே மனுதாரர் ஒரு சிலுவைக்குறி போடுவார். எல்லா மனுவும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: மேன்மை தங்கிய பிரபு அவர்களுக்கு, மனுதாரர் மிகுந்த பணிவுடன் தெரிவிப்பதாவது. முடிவிலும் ஒரே மாதிரி, மனுதாரர் தங்கள் நலனுக்காக என்றென்றும் பிரார்த்திப்பார். கடதாசியை மடித்துப் பின்பக்கத்தில் ஒரு எழுதுவினைஞர் இரண்டொரு சொல்லில் முடிவைக் குறித்திருப்பார். "பார்க்கப்பட்டது." "செய்வதற்கில்லை." அந்தக் கையெழுத்து எனக்குப் பழகிப்போயிற்று. அவசரக்காரர். சில சொற்களில் கடைசி எழுத்தையே விட்டுவிடுவார்.

ஒரு பெண்ணின் மனுக்கள் இரண்டு என்னிடம் வந்தன. அவளுடைய கணவனைத் தண்டனைக் கைதியாகச் சிட்னிப் பக்கம் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். தன்னையும் பிள்ளைகளையும் அவனிடம் அனுப்பிவைக்கக் கேட்கிறாள். முதல் மனுவில் பிரபுவின் கருணையைப் பற்றி அரைப்பக்கம் இருந்தது. இரண்டாவது சின்னது, வேறு யாரோ எழுதிக் கொடுத்தது. அதன் நடுவில் ஒரு வரி: "கடைசிப் பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது. அவருக்கு அது தெரியாது." இரண்டின் பின்பக்கத்திலும் "செய்வதற்கில்லை" என்றே இருந்தது. மூன்றாவதாக ஒன்றை எழுதியிருப்பாளோ என்று நான் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்படி இருந்தபோதுதான் ஒரு ஞாயிறு பிற்பகல், கோயிலில் பழக்கமான ஒரு பெண் எங்களைத் தேடி வந்தாள். வன்னியிலிருந்து வந்தவள். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை, பிளாட் புஷ்ஷில் வாடகை வீடு. புருசனுக்குக் குளிர்களஞ்சியத்தில் ஷிப்ட் வேலை. அப்போது அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றில், ஐந்து மாதம்.

"அண்ணை, அக்கான்ர விசா சரிவரேல்லை" என்று சொல்லி ஒரு கடிதத்தை நீட்டினாள்.

தாய் போரில் இறந்த பிறகு இவளை வளர்த்து ஆளாக்கியது அந்த அக்காதான் என்று எங்களுக்குத் தெரியும். பிள்ளைப்பேற்றுக்கு வந்து நிற்க அவர் வருகையாளர் விசா கேட்டிருந்தார். கலியாணம் ஆகாதவர். பிள்ளை இல்லை. சம்பளம் வாங்கும் வேலையும் இல்லை. அதனால் அவர் திரும்பிப் போவார் என்று தங்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை என்று பதில் வந்திருந்தது. மரியாதையான கடிதம். அலுவலகத்தில் நானும் அப்படித்தான் எழுதுவேன்.

"திருப்பிப் போடலாம் எண்டு ஆலோசகர் சொல்லுறார். படிவம் எல்லாம் அவர் பாப்பார். நான் குடுக்கிற கடிதத்தை மட்டும் நீங்கள் நல்ல இங்கிலீசில எழுதித் தாங்கோ."

அடுத்த ஞாயிறு கடிதம் தயாராக இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. டப்ளின் மனுக்களை வாசித்து வாசித்து என் ஆங்கிலத்திலும் அந்தப் பணிவு ஏறியிருந்தது. மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன், தங்கள் தயவான மீள்பரிசீலனையை வேண்டுகிறேன் என்று வரிக்கு வரி கும்பிட்டிருந்தேன். அவள் விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி முழுவதையும் வாசித்தாள்.

"வடிவாத்தான் இருக்கு அண்ணை" என்றாள். பிறகு தயங்கினாள். "ஆனா இதில அக்கா இல்லை."

என் மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, உங்க அக்கா எப்படி இருப்பாங்க? சொல்லும்மா. சும்மா பேசுற மாதிரி பேசு."

அவள் பேசத் தொடங்கினாள். அக்காவிடம் ஆடுகள் இருக்கின்றன. கிணற்றடியில் முருங்கையும் கத்தரியும் போட்டிருக்கிறார். ஆனால் ஒரு இரவுகூட வேறு வீட்டில் தங்கமாட்டார். வவுனியாவில் சொந்தக்காரர் கலியாணம் என்றால் தாலி கட்டி முடிந்தவுடன் பஸ் ஏறிவிடுவார். சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

"ஏன்?" என்றாள் என் மனைவி.

"சின்னண்ணைக்காக."

அவர்களுக்கு நடுவில் ஒரு சகோதரன் இருந்திருக்கிறான். போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். அதை அவள் அதுவரை எங்களிடம் சொன்னதில்லை.

"அவன் வந்து கதவைத் தட்டினா உள்ளுக்கு ஆரும் இருக்கோணுமெல்லோ எண்டுவா. நான் வெளிநாடு வந்தன், அவா அசையேல்லை. இப்பவும் எனக்காண்டி எண்டபடியால்தான் வர ஓமெண்டவா. வீட்டில ராவில படுக்க ஒரு ஆளைப் பேசி வைச்சிட்டுத்தான் விண்ணப்பமே போட்டவா."



"இதை எழுதுங்க" என்றாள் மனைவி.

எனக்குப் பயமாக இருந்தது. "இதை எழுதினா, பிரச்சினையான இடத்தில இருந்து வாறா, வந்தா இங்கயே நிண்டிடுவா எண்டு நினைக்கலாம்" என்றேன். தங்கையின் புருசனுக்கும் அதே பயம்தானாம். அண்ணனைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது என்று அவன் சொல்லி அனுப்பியிருந்தான்.

அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். "அவா திரும்பிப் போறதுக்கு வேற காரணம் இல்லை அண்ணை. ஆட்டுக்காகப் போவா எண்டு எழுதினா பொய்யெல்லோ. இதைத்தான் எழுதோணும்."

அன்று மாலையே, அவனைத் தேடித் தரச் சொல்லி அக்கா இத்தனை வருடமாக எழுதிய மனுக்களின் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழத் தொடங்கின. மாவட்ட அரசாங்க அதிபருக்கு, பொலிசுக்கு, விசாரணைக் குழுக்களுக்கு, வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு. தமிழில் பல. சிங்களத்தில் சில, கச்சேரி என்கிற மாவட்ட அலுவலக வாசலில் யாரிடமோ எழுதுவித்தவை. முதல் கடிதம் "மேன்மை தங்கிய ஐயா, பணிவுடன் தெரிவிப்பதாவது" என்று தொடங்கியது. அந்த வரியைத் திரும்ப ஒருமுறை வாசித்தேன். அயர்லாந்தின் ஊர் வாத்தியாரும் கச்சேரி வாசலில் மனு எழுதுபவரும் ஒரே ஆங்கிலேயத் துரைமாருக்குக் கீழே எழுதப் பழகியவர்கள் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆனால் அந்த நேரம் அப்படி ஒன்றும் யோசிக்கவில்லை. வாசித்துக்கொண்டே போனேன்.

வருடம் போகப்போக அக்காவின் கடிதங்களும் சுருங்கின. அண்மையில் எழுதிய ஒன்றில் இப்படி இருந்தது: "அவனுக்கு இப்போது தலை நரைத்திருக்கும். ஆள் அடையாளம் பார்க்கும்போது இணைத்துள்ள படத்தை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டாம்."

விசாவுக்கான கடிதம் ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. தங்கை தன் வாயால் சொன்னதை அப்படியே ஆங்கிலமாக்கினேன். அக்காவின் மனுக்களில் சிலவற்றையும் மொழிபெயர்த்து இணைத்தோம். ஆலோசகர் வாசித்துவிட்டு, இப்படி ஒரு கடிதத்தை இதுவரை தான் கொடுத்ததில்லை, ஆனால் கொடுக்கலாம் என்றாராம்.

பதில் வரும்போது நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். ரயிலில் ஹெண்டர்சன் நிலையத்தைத் தாண்டும்போது அழைப்பு வந்தது.

"அண்ணை, குடுத்திட்டாங்கள்" என்றாள்.  

அக்கா பிள்ளைப்பேற்றுக்கு முன்பே வந்து சேர்ந்தார். உயரமான, மெலிந்த மனுசி. குறைவாகக் கதைப்பார். பிளாட் புஷ்ஷில் எல்லா வீடும் ஒன்றுபோல இருப்பதால், இரண்டாம் நாள் நடக்கப் போனவர் எது தங்கையின் வீடு என்று தெரியாமல் தெருவில் நின்றிருக்கிறார். யாரையும் கேட்கவில்லை. தங்கையின் புருசன் வேலை முடிந்து வரும் காரைக் கண்டு அதன் பின்னால் நடந்து வந்தாராம். அடுத்த நாள் தபால் பெட்டியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாவை அவித்து உதிர்த்துச் செய்யும் வறை கொடுக்க வேண்டும் என்று அக்கா ஒரே பிடியாக நின்றார். இங்கே சுறா கிடையாது என்று தங்கை சொல்ல, மீன்கடைக்குத் தானே வருவதாகச் சொன்னார். நான்தான் காரில் கூட்டிப்போனேன். கண்ணாடிக்குப் பின்னால் லெமன் ஃபிஷ் என்று பெயர் எழுதி வைத்திருந்த வெள்ளைத் துண்டுகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இது சுறா" என்றார். கடைக்காரரிடம் கேட்டேன். சிரித்தபடி ஆமென்று தலையாட்டினார். இத்தனை வருடமாக அந்த மீனைச் சிப்ஸோடு தின்று வந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தங்கையும் குழந்தையும் அறையில் தூங்க, அக்கா மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நான் திறந்து வைத்திருந்த படத்தைப் பார்த்து, "என்ன கடதாசி?" என்று கேட்டார். சிட்னிக்குக் கணவனிடம் போகக் கேட்டவளின் இரண்டாவது மனு அது. விளக்கிச் சொன்னேன்.

"புருசனைத் தேடுறாவோ?"

"இல்லை அக்கா. எங்க இருக்கிறார் எண்டு தெரியும். தன்னை அனுப்பச் சொல்லிக் கேக்கிறா."

"எங்க எண்டு தெரியும்" என்று மெல்லத் திருப்பிச் சொன்னார். "பிறகு போனாவோ?"

"தெரியாது. வேற கடிதம் இருக்கோ எண்டு தேடிப் பாத்தன், கிடைக்கேல்லை."

அக்கா திரையைத் தொட்டார். படம் சட்டென்று பெரிதாகவும் கையை இழுத்துக்கொண்டார். கறுத்த மை, மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு கிழிசல், கீழே சிலுவைக்குறி. "எறியாமல் வைச்சிருக்கிறாங்கள், பாருங்கோ" என்றார். சற்றுக் கழித்து, "என்னுடையதையும் எங்கயாவது வைச்சிருப்பாங்களோ?"

 "படங்கள் எங்களிட்ட இருக்கு அக்கா" என்றேன். "வாசிச்சு எழுதி வைப்பமோ? இதுகளை எழுதுற மாதிரியே?"

அவர் சரி என்றார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் அதைத்தான் செய்தோம். படத்தில் தெளிவில்லாத இடங்களை அக்கா சொல்வார், நான் தட்டச்சு செய்வேன். முத்திரை விழுந்த இடம், மை ஊறிய இடம் எல்லாவற்றையும் குறித்தேன். சில இடங்களில் நிறுத்துவார். "நீலச் சேட்டு எண்டு எழுதியிருக்கிறன். அது பிழை. அண்டைக்கு அவன் போட்டிருந்தது பச்சை. பிறகுதான் நினைவு வந்தது." மாற்றட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். எழுதினது எழுதினதாயே இருக்கட்டும். பக்கத்தில பச்சை எண்டு போடுங்கோ" என்றார். ஒருநாள் என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்துபோய்ச் சமையலறையில் நின்றுவிட்டு வந்தாள். அக்கா அழவில்லை. மற்றக் கடிதத்தைத் திறக்கச் சொன்னார்.

விசாவில் இன்னும் நாள் மிச்சம் இருக்கும்போதே புறப்படப் போவதாக அறிவித்தார்.

"இன்னும் கொஞ்சம் நில்லுங்கோவன் அக்கா" என்று தங்கை கெஞ்சினாள்.

"காணும் பிள்ளை. நீ தேறீட்டாய். அங்க ராவில வந்து படுக்கிற மனுசிக்கும் தன்ர வீடு வாசல் இருக்கெல்லோ."

விமான நிலையத்தில் குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டு, தங்கையின் தலையைத் தடவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். தங்கை கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். புருசன் குழந்தையை வாங்கிக்கொண்டான்.

சில வாரம் கழித்து அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். விசா கொடுத்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியிருப்பதாகச் சொன்னாள்.

"ஏன், ஏதும் பிரச்சினையோ?" என்றேன்.

"ஒண்டும் இல்லை அண்ணை. அக்கா வந்தவா, பிள்ளையைப் பாத்தவா, திரும்பிப் போயிட்டா. அது அவைக்குத் தெரியட்டும் எண்டு எழுதினன். நானே எழுதினன். வாசிக்கட்டோ?"

ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினாள். மூன்றே வரி. அதில் எதையும் கேட்கவில்லை. இலக்கணத்தில் ஒரு சின்னப் பிழை இருந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.