வீரமுத்துவின் துறைமுகங்கள்

லாரி டிரைவர் வீரமுத்துவுக்கு இந்தியா என்றால் துறைமுக வாசல்கள்தான். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கடுக்காயைக் கள்ளக்குறிச்சி மண்டியில் ஏற்றி, மெட்ராஸ் ஆர்பரில் இறக்குவார். தோல் பதனிட வெளிநாடு போகும் சரக்கு அது. தூத்துக்குடிக்குப் போனால் திரும்பும்போது உப்பு. கொச்சி என்றால் மழையில் தார்ப்பாயைக் கட்டி அவிழ்த்தே உயிர் போய்விடும். விசாகப்பட்டினத்துக்கு ஒரே ஒரு தடவை போய், சட்டையெல்லாம் இரும்புத் தாதுத் தூசி அப்பிக்கொண்டு திரும்பினார். மனைவி சாலம்மாள் அதை வெளுத்துப் பார்த்துச் சலித்து, கடைசியில் அடுப்படித் துணியாக்கினாள். பம்பாயும் காண்ட்லாவும் மற்ற டிரைவர்கள் சொல்லிக் கேள்விதான். இத்தனை துறைமுகம் பார்த்த மனுஷன் ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. அதில் அவருக்குக் குறையும் இல்லை, மகன் சுபாஷ் கப்பலேறும் வரைக்கும்.

அப்பா பேசுவதைக் கேட்டே ஆர்பர் பைத்தியம் பிடித்தவன் சுபாஷ். மெட்ராஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தான். அங்கே சாப்பிட வந்தவர்களைப் பிடித்து ஒரு சரக்குக் கப்பலின் சமையல்கட்டுக்குள் நுழைந்துவிட்டான். அந்தக் கப்பல் கல்கத்தாவிலிருந்து காண்ட்லா வரைக்கும் கரையோரமாகவே சுற்றும். தகப்பன் தூத்துக்குடியில் நின்றால் பிள்ளை விசாகப்பட்டினத்தில். தகப்பன் மெட்ராஸுக்கு வந்தால் பிள்ளை கொச்சியில். இரண்டு வருஷமாக இந்தக் கண்ணாமூச்சிதான்.

ஆனால் சேதிக்குக் குறைவில்லை. உளுந்தூர்பேட்டையில் பூமாலையின் ஓட்டலில் டீ குடிக்காமல் அந்தச் சாலையில் போகிற டிரைவர் அபூர்வம். பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆர்பர்லேர்ந்து வர்ற?" என்பது. பேர் கேட்பதெல்லாம் அப்புறம். பதில் வந்ததும் சேதி கைமாறும், பொட்டலம் கைமாறும். சாலம்மாள் சுட்ட அதிரசம் நாலு லாரி மாறிக் கொச்சியில் சுபாஷ் வாய்க்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தபால்காரரை அந்தக் குடும்பம் மறந்தே போயிருந்தது.

அப்படித்தான் எண்பத்தேழு ஆவணியில் ஒரு சேதி வந்தது. சுபாஷுக்கு வெளிநாட்டுக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த முறை மெட்ராஸுக்கு வரும்போது அதில் மாறிக்கொள்வான். போனால் எப்போது திரும்புவானோ தெரியாது. நாள் தெரிந்ததும் சொல்லி அனுப்புவான். அப்பா வந்து பார்க்க வேண்டும். அன்றிலிருந்து வீரமுத்து ஓட்டலுக்குள் எந்த டிரைவர் நுழைந்தாலும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அதற்குள் செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் வந்துவிட்டது. வீரமுத்துவை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, தானாகவே போய்ச் சேர்ந்தார். அண்ணன் மகள் செந்தமிழ்ச்செல்வி நல்ல மார்க் வாங்கியும் இடம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்ததில் அவருக்கு வயிற்றெரிச்சல். திருநாவலூர் பிரிவுக்குப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் கோடாலியோடு ஒரு மரத்தைச் சுற்றி நிற்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இங்க வெட்டுனா லாரிக்காரன் வயல்ல எறக்கி அந்தாண்ட ஏறிக்கினு பூடுவான். மதகாண்ட வாங்க. ரெண்டு பக்கமும் பள்ளம். ஒருத்தன் நவுர முடியாது."

மதகருகே நின்ற புளியமரம் சாலையின் குறுக்கே விழுந்தது. ஒருத்தனாலும் நகர முடியவில்லை. டிரைவர் புத்தி வீண் போகவில்லை என்று அவருக்குக் கொள்ளைப் பெருமை. சாலையை அடைத்தால் சர்க்காருக்கு மட்டும்தான் வலிக்கும் என்று நினைத்த ஆயிரம் பேரில் அவரும் ஒருவர். சேதியும் அதே சாலையில்தான் வர வேண்டும் என்பது மண்டையில் உறைக்கவே இல்லை.

மரத்தடியில் காவல் நின்றவர்களிடம் டிரைவர்கள் வந்து கெஞ்சினார்கள். வெங்காயம் அழுகுகிறது என்றார்கள், மகளுக்குப் பிரசவம் என்றார்கள். வீரமுத்து தனக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்: யாரிடமும் பேச்சுக் கொடுப்பதில்லை. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் மனசு இளகும். சனிக்கிழமை ஒரு ஆள், வடக்கே நின்ற லாரிகளையெல்லாம் தாண்டி வேர்க்க விறுவிறுக்க நடந்து அவரிடம் வந்தான்.

"அண்ணே, ஒரு அவசரங்க. உளுந்தூர்பேட்டைல ஒருத்தர..."

"எல்லாருக்கும் அவசரந்தான். வண்டியாண்ட போய்க் குந்து."

அந்த ஆள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். சரக்கை விட்டுவிட்டு ரொம்ப தூரம் போக முடியாதவன், திரும்பிப் போய்விட்டான்.

வியாழக்கிழமை மரத்தை அப்புறப்படுத்தினார்கள். லாரிகள் ஊர்ந்து வந்து பூமாலை ஓட்டலில் நின்றன. அதே ஆள் உள்ளே வந்து, "வீரமுத்துன்னு டிரைவர் ஒருத்தர் இங்க வருவாராமே?" என்று விசாரித்தான். பூமாலை கையைக் காட்டினார்.

"நீங்கதானா அது?" என்றான் அவன். கோபம் எல்லாம் இல்லை. எதிரே உட்கார்ந்து, ஒப்படைத்த சேதியை ஒப்பித்தான். "ஒங்க புள்ளய ஆர்பர்ல பாத்தேங்க. செவ்வாக்கெழம வரைக்கும் மெட்ராஸ்லதான் இருப்பாராம். சாயங்காலமானா கேட்டாண்ட வந்து நிக்கிறேன், அப்பாவ வரச் சொல்லுங்கன்னாரு."

"ஏன்யா, அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லத்தாங்க வந்தேன்."

அன்றைக்கே தெரிந்திருந்தால் சைக்கிள் மிதித்தாவது போய்ச் சேர்ந்திருப்பார். வீட்டுக்குப் போய்ச் சாலம்மாளிடம் ஒளிக்காமல் சொன்னார். "நாந்தான் அவன பேச வுடல." அவள் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. மறுநாளே கடுக்காய் ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்குக் கிளம்பினார்.

இரண்டு வருஷம் கழித்து ஒதுக்கீடு வந்தது. செந்தமிழ்ச்செல்விக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தபோது தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தவர் அவர்தான். மரத்தை வெட்டியது தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. சுபாஷின் ஊர்களோ சிங்கப்பூர், ராட்டர்டாம் என்று மாறிவிட்டன. அங்கிருந்தெல்லாம் உளுந்தூர்பேட்டைக்கு லாரி வருவதில்லை.

அதெல்லாம் பிற்பாடு. அந்தக் கடுக்காயை இறக்கிவிட்டு அவர் மெட்ராஸிலிருந்து திரும்பியபோது சாலம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஆர்பர் வாச்மேன கேட்டிங்களா? புள்ள வந்து நின்னானா?"

"நின்னானாம்."

"எத்தினி நாளு?"

அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார்.

"வாச்மேனுக்கு ஞாபகம் இல்லியாம்" என்று சொல்லிவிட்டு, கைகால் கழுவப் போனார்.