ஏர் ஓட்டாத மூலை

“சார், ஜேசிபி வந்து குழிய ஒடைச்சுப் போட்டுருச்சுங்க.”

சேவூர்ப் பக்கத்திலிருந்து சரசக்கா போனில் சொன்னபோது ஆபீஸில் மேப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். எந்தக் குழி என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை.

தொல்லியல் சர்வேயில் என் வேலை கம்ப்யூட்டரில். பழங்கால மக்கள் எங்கே வாழ்ந்திருப்பார்கள், எங்கே புதைத்திருப்பார்கள் என்று தோண்டாமலே கணிக்கவேண்டும். தண்ணீர் எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு சரிவு, என்ன மண், பக்கத்தில் பாறை உண்டா என்று லேயர் லேயராக ஏற்றினால், மாடல் கட்டம் கட்டமாகக் கலர் அடித்துத் தரும். சிவப்பென்றால் இருக்க வாய்ப்பு அதிகம், பச்சையென்றால் குறைவு. பச்சையென்றால் இல்லவே இல்லை என்று சொல்லிப் பழகிவிட்டேன். அனுபவசாலி என்ற திமிர்தான், வேறென்ன?

சரசக்கா குடும்பம் தோட்டத்தை ஒரு பனியன் கம்பெனிக்கு விற்றிருந்தது. கட்டடம் எழும்புவதற்கு முன் ஆபீஸுக்கே தேடி வந்தார்.

“வடக்கு மூலையில பாண்டியன் குழி இருக்குதுங்க சார். மேல வட்டமாக் கெடந்த கல்ல அந்தக் காலத்துலயே கெணறு கட்ட எடுத்துட்டாங்க. ஆனாலும் அங்க மட்டும் ஏரு ஓட்டமாட்டோமுங்க. நீங்க ஒரு கடுதாசி குடுத்தா, அந்த மூலைய உட்டுட்டுக் கட்டறேன்னு மொதலாளி சொல்லீட்டாருங்க.”

பாண்டியன் குழி என்று இந்தப் பக்கம் சொல்வது பழங்காலப் புதைகுழியை. மேப்பைத் திறந்தேன். பச்சை. தண்ணீர் வெகு தூரம்.

“ஏனுங்கக்கா, கல்லு கெடந்த எடமெல்லாம் பாண்டியன் குழி ஆயிருமா?” என்று சிரித்தேன். ‘களஆய்வு தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பைக்கில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. “சரிங்க சார்” என்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

போன் வந்ததும் ஓடினேன். தாழிகள் சில்லுச் சில்லாகக் கிடந்தன. எலும்பும் கருப்புச் சிவப்புப் பானை ஓடுகளும் மண்ணோடு டிப்பரில் ஏறிப் போயிருந்தன. சரசக்கா மிச்சத்தை ஒரு சிமெண்ட் சாக்கில் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“தண்ணியே இல்லாத எடத்துல எப்படிங்கக்கா?” என்றேன்.

“தண்ணி இல்லீங்களா? அந்தப் பக்கத்துக் கம்பெனிக் காம்பவுண்டு நிக்கறதே பள்ளத்து மேலதானுங்க. மண்ணக் கொட்டி மூடிட்டாங்க.”

பள்ளம் என்றால் இங்கே ஓடை. நான் ஏற்றியதெல்லாம் இன்றைய சாட்டிலைட் படத்தில் தெரிந்த ஓடைகள். அந்தப் பள்ளத்தைக் காட்டும் பழைய சர்வே ஷீட் என் பீரோவிலேயே இருந்தது. அதைப் பிரித்துக்கூடப் பார்க்காத பாவி நான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர் திட்டவில்லை. “இப்பவாச்சும் உங்க மேப்புல செவப்பாயிருச்சுங்களா சார்?” என்று மட்டும் கேட்டார்.

ஆகிவிட்டது. மறுநாள் பள்ளத்தை ஏற்றி மாடலை ஓட்டினேன். நல்ல சிவப்பு.

இந்த வேலைக்கு வருகிறவர்களே, முதலில் ஊருக்குள் போய் எந்த மூலையில் ஏர் ஓட்டுவதில்லை என்று கேளுங்கள். அங்கே போய் நில்லுங்கள். கம்ப்யூட்டரைப் பிறகு திறக்கலாம். தலைமுறை தலைமுறையாக ஏர் படாமல் காத்த இடத்தை, என் கையெழுத்தை நம்பித்தான் சரசக்கா விட்டுக்கொடுத்தார்.